ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கியர் எப்படி மாறுகிறது?

எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விளக்கப் புகுந்தால் பலரும் கம்ப்யூட்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் கடைசிவரை குழப்பம்தான். கம்ப்யூட்டர் நேரடியாக எந்தப் பல்சக்கரத்தையும் தொடுவதில்லை. அது ஒரு சிறு வால்வுக்கு மின்சாரம் கொடுக்கிறது. வால்வு எண்ணெய்க்கு வழிவிடுகிறது. எண்ணெயின் அழுத்தம் ஒரு கிளட்சை இறுக்குகிறது. அந்தக் கிளட்ச் பல்சக்கரத் தொகுதியின் ஒரு பாகத்தைப் பிடிக்கிறது. இந்தச் சங்கிலியைப் பின்முனையிலிருந்து, அதாவது பல்சக்கரத்திலிருந்து தொடங்கிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகும். கோளாறு வரும்போது எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடவும் வழி பிடிபடும்.

இங்கே பேசுவது டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியே கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் பற்றி மட்டும். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சையும் லீவரையும் மனிதருக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் இயக்குகிறது. சிவிடியில் இரண்டு புல்லியும் ஒரு இரும்புப் பெல்ட்டும் வேலை செய்கின்றன. டிசிடியில் இரட்டைக் கிளட்ச். இவை வேறு சாதி. ஊற்ற வேண்டிய எண்ணெயும் வேறு.

பிளானட்டரி கியர்: பல்சக்கரங்கள் இடம் மாறுவதே இல்லை

மேனுவல் கியர்பாக்ஸில் லீவரை நகர்த்தினால் உள்ளே ஒரு ஸ்லீவ் நகர்ந்து ஒரு கியர் ஜோடியை விட்டு இன்னொன்றோடு பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் எல்லாப் பற்களும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. நடுவில் சன் கியர். அதைச் சுற்றி மூன்று அல்லது நான்கு பிளானட் கியர்கள். அந்தப் பிளானட் கியர்களைத் தாங்கும் சட்டம் கேரியர். எல்லாவற்றுக்கும் வெளியே, உட்பக்கம் பல் வெட்டிய ரிங் கியர். இந்தத் தொகுதியில் வெளியிலிருந்து பிடிக்கக்கூடிய பாகங்கள் மூன்று: சன், கேரியர், ரிங். ஒன்றில் சக்தியைக் கொடுத்து, ஒன்றை அசையாமல் பிடித்தால், மூன்றாவதிலிருந்து சக்தி வெளியே வரும். எதைப் பிடிக்கிறோம் என்பதுதான் கியர்.

கணக்குப் போட்டால் புரியும். சன் கியரில் 30 பல், ரிங் கியரில் 70 பல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு பிளானட் கியருக்கும் 20 பல்.

ரிங் கியரைப் பிடித்து, சன் கியரைச் சுழற்றினால் கேரியர் மெதுவாகச் சுழலும். விகிதம் 1 + 70/30, அதாவது 3.33. எஞ்சின் பக்கம் 3.33 சுற்று சுற்றினால் வெளியே ஒரு சுற்று. வண்டியைக் கிளப்பும் முதல் கியருக்கு ஏற்ற விகிதம் இது. சன் கியரைப் பிடித்து, ரிங் கியரைச் சுழற்றிக் கேரியரில் வெளியே எடுத்தால் 1 + 30/70, அதாவது 1.43. சன் கியர் பிடித்தபடியே இருக்க, கேரியரைச் சுழற்றி ரிங் கியரில் எடுத்தால் 0.70: உள்ளே போவதைவிட வெளியே வேகமாகச் சுழலும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தமின்றி ஓட உதவும் ஓவர்டிரைவ் இதுதான். கேரியரைப் பிடித்து, சன் கியரைச் சுழற்றினால் ரிங் கியர் எதிர்த்திசையில் 2.33 விகிதத்தில் சுழலும், அது ரிவர்ஸ். மூன்றில் ஏதாவது இரண்டை ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் மொத்தத் தொகுதியும் ஒரே கட்டையாகச் சுழலும், விகிதம் 1.

ஒரே தொகுதிக்குள் இத்தனை சாத்தியங்கள். நிஜப் பெட்டியில் இரண்டு, மூன்று அல்லது நான்கு தொகுதிகளை இணைத்து 4, 6, 8, 10 கியர்கள் வரை எடுக்கிறார்கள். கியர் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் நடப்பது ஒன்றே: ஒரு பாகத்தை விடு, இன்னொன்றைப் பிடி.

பிடிப்பவை யார்?

உராய்வுப் பொருள் ஒட்டிய ஓர் உராய்வுத் தட்டு, ஒரு வெறும் இரும்புத் தட்டு, மறுபடி ஓர் உராய்வுத் தட்டு என்று மாறி மாறி அடுக்கினால் அதுதான் கிளட்ச் பேக். உராய்வுத் தட்டுகள் ஒரு பாகத்தோடும், இரும்புத் தட்டுகள் இன்னொரு பாகத்தோடும் கோக்கப்பட்டிருக்கும். பின்னால் ஒரு வட்டப் பிஸ்டன். எண்ணெய் வந்து பிஸ்டனைத் தள்ளினால் அடுக்கு நெருங்கி இரண்டு பாகமும் ஒன்றாகச் சுழலும். எண்ணெய் வடிந்தால் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பிடிக்க வேண்டியது கியர்பாக்ஸ் கூட்டோடு என்றால் அதே அமைப்புக்குப் பிரேக் என்று பெயர். சில பெட்டிகளில் டிரம்மைச் சுற்றி இறுக்கும் பேண்டு இருக்கும். இவை தவிர, ஒரு திசையில் மட்டும் பூட்டி மறுதிசையில் வழுக்கிவிடும் ஒன்-வே கிளட்சுகளும் உண்டு. அவற்றுக்கு எண்ணெயும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம்.

அடுக்குக்கு நடுவில் உள்ள இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் அளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கியர் மாறும்போது வரும் அதிர்ச்சியை விளக்க இது மறுபடி தேவைப்படும்.

டார்க் கன்வர்ட்டர்

எஞ்சினுக்கும் இந்தத் தொகுதிக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு தடித்த வளையம் இருக்கிறது. எஞ்சினோடு சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அதை வாங்கிச் சுழல்கிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி இம்பெல்லருக்கு உதவியாக அனுப்புகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இந்த ஏற்பாடு எஞ்சினின் முறுக்குவிசையைச் சுமார் இரு மடங்காக்கும். பிரேக்கை அழுத்தி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருப்பதும் இதனால்தான்.

ஆனால் எண்ணெய் வழியே சக்தி போனால் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். வழுக்கல் என்றால் வெப்பம், வீணாகும் எரிபொருள். அதனால் வேகம் நிலைத்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இம்பெல்லரையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டிவிடும். ஓட்டுபவருக்கு அது இன்னொரு கியர் மாறியது போலத் தெரியலாம்: ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் சில நூறு இறங்கும்.

எண்ணெய் பம்பைச் சுழற்றுவது பெரும்பாலான பெட்டிகளில் இந்தக் கன்வர்ட்டரின் கழுத்துப் பகுதி. எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும். பேட்டரி தீர்ந்த ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாததன் காரணம் இதுவே. எஞ்சின் ஓடாதபோது அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் எந்தக் கிளட்சும் பிடிக்காது, சக்கரத்தின் சுழற்சி எஞ்சினைப் போய்ச் சேராது.

கட்டளை எங்கிருந்து வருகிறது?

1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக் தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்கு இந்த முடிவையும் எண்ணெயே எடுத்தது. வெளித்தண்டோடு (கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) சுழலும் கவர்னர் வேகத்துக்கு ஏற்ப ஓர் அழுத்தத்தைத் தரும். ஆக்சிலரேட்டரோடு இணைந்த வால்வு மிதியின் அளவுக்கு ஏற்ப இன்னோர் அழுத்தத்தைத் தரும். இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளையும் தள்ளும். எது ஜெயிக்கிறதோ அதன்படி கியர் ஏறும் அல்லது இறங்கும். அசாத்தியமான பொறியியல் அது. ஆனால் எண்ணெய் குளிர்ந்திருக்கிறதா, மலை ஏறுகிறோமா, தட்டுகள் தேய்ந்துவிட்டனவா என்று அதற்குத் தெரியாது.

எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வந்தபோது மாறியது இந்த முடிவெடுக்கும் பகுதிதான். ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60 என்ற பெட்டி 1990-களின் தொடக்கத்தில் 4எல்60-ஈ ஆனது. பல்சக்கர விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70 என்று அப்படியே தொடர்ந்தன. கவர்னர் போய் சென்சாரும் சோலினாய்டும் (மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வு) வந்தன.

கண்ட்ரோல் யூனிட் (கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர்) கவனிப்பவை: ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, எஞ்சின் ஆர்பிஎம், வெளித்தண்டின் வேகம், பெரும்பாலான பெட்டிகளில் உள்தண்டின் (கன்வர்ட்டரிலிருந்து சக்தி உள்ளே வரும் தண்டு) வேகமும், எண்ணெயின் வெப்பநிலை, பிரேக் சுவிட்ச், லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ரேஞ்ச் சுவிட்ச். பி (பார்க்) அல்லது என் (நியூட்ரல்) நிலையில் மட்டும் எஞ்சினைக் கிளப்பவிடுவதும் இந்த ரேஞ்ச் சுவிட்ச்தான்.

இவற்றை வைத்து அது ஒரு வரைபடத்தைப் பார்க்கிறது: இந்த மிதி அளவுக்கு, இந்த வேகத்தில், எந்தக் கியர்? கியர் ஏறும் கோடும் இறங்கும் கோடும் வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வரையப்பட்டிருக்கும். ஒரே கோடாக இருந்தால் அந்த எல்லை வேகத்தில் ஓடும்போது பெட்டி மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும். மிதியைச் சட்டென்று முழுதாக அழுத்தினால் ஒன்றிரண்டு கியர் இறங்கிப் பிக்கப் கிடைப்பது கிக்டவுன்.

சோலினாய்டு: மின்சாரம் எண்ணெயாக மாறும் இடம்

வால்வு பாடி என்பது புழு அரித்த பலகை போல எங்கும் கால்வாய்கள் ஓடும் அலுமினியக் கட்டை. அதற்குள் வழுவழுப்பான சிறு வால்வுகள் நகர்கின்றன. அவற்றை நகர்த்தும் சைகை அழுத்தத்தைத் தருவது சோலினாய்டு. சில சோலினாய்டுகள் திற, மூடு என்ற இரண்டே நிலை கொண்டவை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவை மின்னோட்டத்தின் அளவுக்கு ஏற்ப அழுத்தத்தை ஏற்றி இறக்குபவை.

4எல்60-ஈ-யில் ஏ, பி என்று இரண்டு ஷிப்ட் சோலினாய்டுகள்தான் நான்கு கியரையும் தீர்மானிக்கின்றன. முதல் கியரில் இரண்டுக்கும் மின்சாரம். இரண்டாவதில் ஏ அணைந்து பி மட்டும். மூன்றாவதில் இரண்டுமே அணைந்திருக்கும். நான்காவதில் ஏ மட்டும். இப்போது ஒரு வயர் அறுந்து மொத்த மின்சாரமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சோலினாய்டும் அணைந்த நிலை எது? மூன்றாவது கியர். வண்டி மூன்றில் கிளம்பும், மூன்றிலேயே ஓடும். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். இந்தப் பெட்டியின் பிரஷர் சோலினாய்டு இன்னும் சுவாரசியமானது: மின்னோட்டம் கூடினால் அழுத்தம் குறையும், மின்னோட்டம் அற்றுப்போனால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். மின்சாரம் போனாலும் கிளட்சுகள் வழுக்கிக் கருகாமல் இறுகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் உணர்வது இழுவை இல்லாத கிளப்பலும், டி-யில் (டிரைவ்) போடும்போது ஓர் இடியும். கியர்பாக்ஸ் செத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது தன்னைக் காத்துக்கொண்டு உங்களை வீடு சேர்க்கப் பார்க்கிறது.

கியர் மாறும் அந்த ஒரு நொடி

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதை அருகில் சென்று பார்ப்போம். விகிதம் 1.63-லிருந்து 1.00-க்கு இறங்க வேண்டும். கியர்பாக்ஸின் உள்தண்டு 3000 ஆர்பிஎம்மில் சுழல்கிறது என்றால், வண்டியின் வேகம் மாறாமலே அது சுமார் 1840-க்கு வந்தாக வேண்டும்.

முதலில் புதிய கிளட்சின் பிஸ்டன் அறைக்குள் எண்ணெய் நிரம்புகிறது. முன்பு சொன்ன ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி மூடும்வரை எந்தப் பிடிப்பும் இருக்காது. தட்டுகள் உரசத் தொடங்கும்போது பழைய பிடியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சுமை கை மாறுகிறது. அதன் பிறகு புதிய கிளட்ச் எஞ்சினின் வேகத்தை இழுத்துப் பிடித்து 1840-க்குக் கொண்டுவருகிறது. அந்தக் கணத்தில் கண்ட்ரோல் யூனிட் எஞ்சினின் கம்ப்யூட்டரிடம் சொல்லித் தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளச் செய்கிறது. எஞ்சினின் விசை ஒரு கணம் குறைகிறது, தட்டுகளின் மேல் வெப்பச்சுமை குறைகிறது. வேகங்கள் பொருந்தியதும் முழு அழுத்தம். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

பழையது சீக்கிரம் விட்டால் யாருமே பிடிக்காத ஒரு கணம் வரும். எஞ்சின் உறுமி ஆர்பிஎம் எகிறும். தாமதமாக விட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து வண்டி உதறும். நம் காலுக்கும் முதுகுக்கும் தெரியும் இந்த இரண்டு உணர்வுகளும் இரண்டு எதிரெதிர்க் காரணங்களைச் சொல்கின்றன. மெக்கானிக்கிடம் வெறுமனே "கியர் சரியில்லை" என்பதைவிட "இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஆர்பிஎம் எகிறுகிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

தட்டுகள் தேயத் தேய இடைவெளி கூடும். நிரம்ப வேண்டிய எண்ணெயும் நேரமும் கூடும். கண்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்து அடுத்த முறைக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வால்வு பாடியோ கிளட்சோ மாற்றினால் பழைய பாடத்தை ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) மூலம் அழித்துவிட்டு, இதமாக ஓட்டி மறுபடி கற்கவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, புது வால்வு பாடி மேலேயே பழி போட்டவர்கள் ஏராளம்.

கோளாறு எங்கே?

முதலில் எண்ணெய், அடுத்து மின்சாரம், கடைசியில்தான் பெட்டியைக் கழற்றுவது. இந்த வரிசையைப் புரட்டிப்போட்டு "ஓவர்ஹால்" என்று தொடங்குபவரிடம் காரை விடாதீர்கள்.

எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். டி-யில் போட்டபின் இரண்டு மூன்று நொடி கழித்துக் கிளம்புவது, வளைவில் திரும்பும்போது இழுவை விட்டுப் பிடிப்பது இதன் அடையாளம். அளவு மீறினாலும் ஆபத்துதான்: சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் தர முடியாது. டிப்ஸ்டிக் உள்ள கார்களில் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் சூடேறியபின், பிரேக்கை அழுத்தியபடி லீவரை எல்லா நிலைகளிலும் சில நொடி வைத்து, பி-க்குத் திரும்பி, எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை அணைத்து அளக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. கையேடு சொல்வதே முடிவு. டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் அடியில் உள்ள திருகைக் கழற்றி, எண்ணெய் கையேடு சொல்லும் வெப்பநிலையில் இருக்கும்போது மெல்லிய தாரையாக வழிந்து சொட்டுக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள்.

நிறமும் வாடையும் பேசும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் வழுக்கிக் கருகியிருக்கின்றன. இளஞ்சிவப்பில் பால் கலந்தது போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலண்ட் கலந்துவிட்டது. அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது, உராய்வுத் தட்டின் பசை பிரிந்துவிடும். எண்ணெய்த் தொட்டியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால்தான் கவலை.

மின்சாரப் பக்கம் ஸ்கேனர் வைத்தால் பி0700 என்ற கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) வரும். அதற்கு "கியர்பாக்ஸ் யூனிட்டிடம் ஒரு கோடு இருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்பது மட்டுமே அர்த்தம். பி0750 என்றால் ஷிப்ட் சோலினாய்டு ஏ, பி0720 என்றால் வெளித்தண்டு வேக சென்சார், பி0740 லாக்-அப் கிளட்சின் சர்க்யூட், பி0705 ரேஞ்ச் சென்சார். பி0730 வந்தால் எண்ணிய விகிதம் கிடைக்கவில்லை, அதாவது ஏதோ வழுக்குகிறது. சர்க்யூட் கோடு என்றால் பெட்டியைத் திறக்காமலே கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். 4எல்60-ஈ-யின் ஷிப்ட் சோலினாய்டு குளிர்ந்த நிலையில் சுமார் 20 ஓம், பிரஷர் சோலினாய்டு சுமார் 4 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். அளவு சரியாக இருந்தும் கியர் மாறவில்லை என்றால் வால்வில் தூசோ துகளோ சிக்கியிருக்கலாம். ஓம் மீட்டருக்கு அது தெரியாது. கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே எண்ணெய் ஈரமோ பச்சைப் படிவமோ இருக்கிறதா என்று பாருங்கள்; எத்தனையோ பெரிய செலவுகள் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

எண்ணெயும் மின்சாரமும் சரி என்றால், எந்தெந்தக் கியர் போனது என்பதே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். 4எல்60-ஈ-யில் ஒரு பேண்டு இரண்டிலும் நான்கிலும் பிடிக்கிறது. ஒரு கிளட்ச் மூன்றிலும் நான்கிலும் பிடிக்கிறது. இரண்டும் நான்கும் போயிருந்தால் பேண்டு. ஒன்று, இரண்டு நன்றாக ஓடி மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் உறுமி, மூன்றும் நான்கும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கிளட்ச். எந்தப் பெட்டிக்கும் எந்தக் கியரில் எது பிடிக்கிறது என்ற அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதை வைத்தே பேசுங்கள்.

சீரான வேகத்தில், மிதி லேசாக அழுத்தியிருக்கும்போது, சாலையில் வரிவரியான மேடு மீது ஓடுவது போல ஓர் அதிர்வு வந்து, பிரேக்கை லேசாகத் தொட்டதும் மறைந்தால் அது லாக்-அப் கிளட்ச். பிரேக்கைத் தொட்டால் கண்ட்ரோல் யூனிட் லாக்-அப்பை விடுவித்துவிடும், அதனால்தான் மறைகிறது. பழைய அல்லது பொருந்தாத எண்ணெயே பெரும்பாலும் காரணம். ஏடிஎஃப்பில் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) சேர்க்கப்படும் உராய்வுப் பொருள்கள் அந்தந்தத் தட்டுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டவை. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

"வாழ்நாள் எண்ணெய்" என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். வெப்பம் எந்த எண்ணெயையும் சிதைக்கும். போக்குவரத்து நெரிசலும் மலைச்சாலையும் அதிகம் உள்ள காருக்கு 60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றுவது நல்லது. அடைப்பைத் திறந்து வடித்தால் சுமார் பாதிதான் இறங்கும். மீதி கன்வர்ட்டருக்குள்ளும் கூலருக்குள்ளும் நிற்கும். அதனால் வடிந்ததை அளந்து, அதே அளவை ஊற்றி, சில நாள் ஓட்டியபின் மறுபடி ஒரு முறை மாற்றுவது சரியான முறை.

ஓட்டும்போது

மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைத் தாங்கினால் மொத்தச் சக்தியும் கன்வர்ட்டரில் வெப்பமாகும்; பிரேக்கைப் பிடியுங்கள். முழுதாக நிற்கும் முன் ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றாதீர்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பி; இல்லையென்றால் வண்டியின் முழு எடையும் பி-யில் பூட்டும் சிறு கொக்கியின் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் கீழ்க் கியரைக் கைமுறையாகத் தேர்ந்தெடுங்கள்.

பழுதான காரை இழுத்துச் செல்ல நேர்ந்தால் என்-இல் போட்டுக் கயிறு கட்டி இழுப்பது போதாது. எஞ்சின் ஓடாததால் பம்ப் ஓடாது. சக்கரம் சுழற்றும் தண்டுகளும் புஷ்களும் எண்ணெயின்றி உரசும். இயக்கும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோ, முழுக் காரையும் லாரியின் மேல் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். குறைந்த தூரத்துக்கு இழுக்கலாம் என்று கையேடு அனுமதித்தால், அதில் சொன்ன வேகத்தையும் தூரத்தையும் தாண்டாதீர்கள்.